சிவப்பு டாங்கி காங்: எது அசல் நிறம்?

நாற்பது வருடங்களுக்கு முன்னால் கடைகளில் காசு போட்டு ஆடிய வீடியோ கேமை இன்றைக்கு ஆட வேண்டும் என்றால் பெரிய சிரமம் கிடையாது. 1997-ல் இத்தாலியைச் சேர்ந்த நிக்கோலா சல்மோரியா 'மேம்' என்ற மென்பொருளை வெளியிட்டார். பழைய ஆர்கேட் மெஷின்களின் சிப்புகளில் இருந்த புரோகிராமை சாதாரண கம்ப்யூட்டரில் ஓட வைக்கும் மென்பொருள் அது. ஆயிரக்கணக்கான கேம்கள் அதன் புண்ணியத்தில் அழியாமல் தப்பின.

ஆனால் தப்பியது கேம் மட்டும்தான். அந்த கேமைச் சுமந்துகொண்டு நின்றதே ஓர் ஆளுயர மரப்பெட்டி, அதை யாரும் காப்பி எடுத்து சிடியில் வைக்க முடியாது. மரம் ஊறினால் ஊறியதுதான், பெயின்ட் உரிந்தால் உரிந்ததுதான். அதனால்தான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்தப் பெட்டிகளின் வெளிப்புறத்தைப் புதுப்பிப்பதையே ஒரு வேலையாக, சொல்லப்போனால் ஒரு தவமாகவே செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அவர்கள் எல்லோரும் ஒருநாள் சந்தித்தே தீர வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'பழையபடி மாற்றுவது' என்றால் எந்தப் பழையபடி? இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்க வைப்பது ஒரு சிவப்புப் பெட்டி. அதற்கு வருவதற்கு முன் பெட்டிகளின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

பெட்டி பிறந்த கதை

காசு போட்டு ஆடும் வீடியோ கேம்களில் முதன்முதலாக வணிக ரீதியில் பெரிய அளவில் தயாரிக்கப்பட்டது 1971-ல் வந்த 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்'. உருவாக்கியவர்கள் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி. தயாரித்து விற்றது நட்டிங் அசோசியேட்ஸ் என்ற நிறுவனம். அதன் பெட்டி மரத்தால் ஆனது அல்ல. வளைவும் நெளிவுமாக ஃபைபர் கிளாஸில் வார்க்கப்பட்டு, மினுமினுக்கும் வண்ணங்களில் வந்தது. புஷ்னெல் களிமண்ணில் சிறிய மாதிரி செய்து அந்த வடிவத்தைத் தீர்மானித்தார். 1973-ல் வந்த 'சாய்லென்ட் கிரீன்' என்ற ஹாலிவுட் படத்தில், எதிர்காலத்து வீடு ஒன்றில் வைக்க ஒரு பொருள் தேவைப்பட்டபோது இந்தப் பெட்டியைத்தான் கொண்டுபோய் நிறுத்தினார்கள்!

அடுத்த வருடம், 1972-ல், புஷ்னெலும் டாப்னியும் தொடங்கிய அடாரி நிறுவனத்திலிருந்து 'பாங்' வந்தது. வடிவமைத்தவர் ஆலன் அல்கார்ன். முதல் மாதிரியை கலிபோர்னியாவின் சன்னிவேலில் ஒரு மதுக்கடையில் வைத்தார்கள். சில நாட்களில் மெஷின் வேலை செய்யவில்லை என்று புகார். அல்கார்ன் போய்த் திறந்து பார்த்தால், காசு நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்தது. விற்பனைக்கு வந்த பாங் பெட்டி எளிமையானது. மரத்தாலான பெட்டி, பக்கவாட்டில் மர ரேகை, முன்பக்கம் மஞ்சள். அன்றிலிருந்து மரப்பெட்டிதான் இந்தத் தொழிலின் வழக்கம் ஆனது. மரம் மலிவு, அறுப்பதும் சுலபம். பிளைவுட்டோ பார்ட்டிகிள் போர்டோ இருந்தால் போதும்.

வெளிப்புறம் ஏன் முக்கியம்?

அந்தக் காலத்துத் திரைகளால் அதிகம் காட்ட முடியாது. 1978-ல் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' முதலில் கறுப்பு வெள்ளைத் திரையில்தான் ஓடியது. திரைமேல் ஒட்டிய கலர் பட்டைகள்தான் அதற்கு நிறம் கொடுத்தன. திரையில் தெரிவது சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆன நண்டு மாதிரி உருவங்கள். ஆனால் அமெரிக்காவில் மிட்வே நிறுவனம் விற்ற பெட்டியின் பக்கவாட்டில் வரைந்திருந்ததோ ரோமம் அடர்ந்த பூதங்கள்! ஆடுகிறவன் மனதில் பயத்தை உண்டாக்கும் வேலையைத் திரை செய்யவில்லை, பெட்டி செய்தது. அதாவது கதையில் பாதி உள்ளே இருந்தது, மீதிப் பாதி வெளியே வரையப்பட்டிருந்தது.

பெட்டியின் வெளிப்புறம் ஒரு கேமின் பெயரையே மாற்றிய கதையும் உண்டு. 1980-ல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட கேமின் பெயர் 'பக் மேன்'. அமெரிக்காவுக்கு வரும்போது மிட்வேக்கு ஒரு பயம். விஷமக்காரப் பையன்கள் பெட்டியில் எழுதியிருக்கும் முதல் ஆங்கில எழுத்தைக் கொஞ்சம் சுரண்டினால் அது ஒரு கெட்ட வார்த்தையாகிவிடும். அதனால் பெயரை மாற்றினார்கள். உலகமே அறிந்த 'பேக்மேன்' அப்படிப் பிறந்ததுதான். ஜப்பானில் வெள்ளையாக இருந்த பெட்டி அமெரிக்காவில் மஞ்சளானது.

இவ்வளவு அக்கறைக்குக் காரணம் பணம். 1981-ல் மட்டும் அமெரிக்கர்கள் இந்த மெஷின்களில் போட்ட கால் டாலர் நாணயங்கள் சுமார் 2,000 கோடி என்று 1982 ஜனவரியில் டைம் பத்திரிகை எழுதியது. கூட்டிப் பார்த்தால் 500 கோடி டாலர். வரிசையாகப் பத்துப் பெட்டிகள் நிற்கும் ஒரு கூடத்தில், உள்ளே நுழைகிறவனின் சட்டைப் பையில் இருக்கும் அந்த முதல் காசு எந்தப் பெட்டிக்குப் போகும்? ஆடிப் பார்க்காதவனுக்கு வெளிப்புறத்தைத் தவிர வேறு அடையாளம் கிடையாது. தலைக்கு மேல் விளக்கு வெளிச்சத்தில் ஒளிரும் பெயர்ப்பலகை, பக்கவாட்டுப் படம், கண்ணைப் பறிக்கும் நிறம், இவைதான் விளம்பரம்.

சிவப்புப் பெட்டி வந்த வழி

இப்போது சிவப்புப் பெட்டிக்கு வரலாம். 1980-ல் நின்டெண்டோ தன் அமெரிக்கக் கிளையைத் தொடங்கியது. பொறுப்பேற்றவர் மினோரு அரகாவா, நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமவுச்சியின் மருமகன். ஜப்பானில் நன்றாகப் போய்க்கொண்டிருந்த 'ரேடார் ஸ்கோப்' என்ற விண்வெளிச் சண்டை விளையாட்டை நம்பி அரகாவா சுமார் 3,000 மெஷின்களுக்கு ஆர்டர் கொடுத்தார். சரக்கு கப்பலில் வந்து சேர மாதங்கள் ஆயின. அதற்குள் அந்த விளையாட்டு மீதிருந்த ஆர்வம் தணிந்துவிட்டது. சுமார் 1,000 மெஷின்கள் விற்றன. மீதி 2,000 கிடங்கில் தூசு படிந்து நின்றன.

புதிதாகத் தொடங்கிய ஒரு கிளைக்கு இது எப்பேர்ப்பட்ட அடி என்று யோசித்துப் பாருங்கள். முதலீட்டில் பெரும்பகுதி விற்காத கையிருப்பாக முடங்கிவிட்டது. தூக்கிப் போட்டால் முழு நஷ்டம், அப்படியே வைத்திருந்தால் கிடங்கு வாடகை வேறு. மிச்சமிருந்தது ஒரே வழி. பெட்டி, திரை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு விளையாட்டை மட்டும் மாற்றுவது!

யமவுச்சி அந்த வேலையை ஒப்படைத்தது ஷிகெரு மியாமோட்டோவிடம். 1977-ல் நிறுவனத்தில் சேர்ந்த இளம் ஓவியர், புரோகிராமர் அல்ல. குன்பெய் யோகோய் மேற்பார்வையில் அவர் உருவாக்கியதுதான் 1981-ல் வந்த 'டாங்கி காங்'. மாற்றுவதற்கான பாகங்கள் ஜப்பானிலிருந்து சியாட்டிலுக்கு அருகே இருந்த கிடங்குக்கு வந்தன. அரகாவா, அவர் மனைவி யோகோ, கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சில ஊழியர்கள் ஆகியோர் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, உள்ளே எலெக்ட்ரானிக்ஸை மாற்றி, வெளியே புதிய பெயர்ப்பலகையும் படங்களும் வைத்தார்கள். விளையாட்டின் நாயகனுக்கு 'மரியோ' என்ற பெயர் வந்ததும் அந்தக் கிடங்கின் சொந்தக்காரர் மரியோ செகாலியின் பெயரிலிருந்துதான்.

2,000 பெட்டிகளும் விற்றுத் தீர்ந்தன. பிறகு புதிதாகவே பெட்டிகள் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் மொத்தம் சுமார் 60,000 டாங்கி காங் மெஷின்கள் விற்றதாகக் கணக்கு. புதிதாகச் செய்தவை நீல நிறம். உலகம் டாங்கி காங் என்றதும் நினைப்பது அந்த நீலத்தைத்தான். ரேடார் ஸ்கோப்பிலிருந்து மாற்றியவை மட்டும் சிவப்பு. பெட்டியின் நிறத்தை மாற்ற அன்று யாருக்கும் நேரமும் இல்லை, காசும் இல்லை. ஏறக்குறைய முப்பதில் ஒரு பெட்டிதான் சிவப்பு.

கறுப்பு பெயின்ட் காலம்

1983 வாக்கில் அமெரிக்க ஆர்கேட் தொழில் சரிய ஆரம்பித்தது. மெஷின்களை வாங்கிக் கடைகளில் வைத்தவர்களை 'ஆபரேட்டர்' என்பார்கள். விழும் காசை ஆபரேட்டரும் கடைக்காரரும் பெரும்பாலும் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்வார்கள். ஒரு கேம் சலித்துப்போய் வசூல் குறைந்தால், புது மெஷின் வாங்குவதைவிட இருக்கிற பெட்டியிலேயே வேறு கேமைப் பொருத்துவது மலிவு. அதற்கென்றே மாற்று 'கிட்'கள் விற்பனைக்கு வந்தன. 1985-ல் ஜப்பானில் 'ஜாமா' என்ற பொதுவான இணைப்பு முறை வந்த பிறகு போர்டைக் கழற்றி வேறு போர்டைச் செருகினாலே போதும் என்றானது.

உள்ளே போர்டு மாறினால் வெளியே படமும் மாற வேண்டும் அல்லவா? பழைய படத்தின் மேல் கறுப்பு பெயின்ட் அடித்துவிடுவார்கள். எந்தக் கேமுக்கும் பொருந்தும் நிறம் கறுப்பு. இப்படி ஆயிரக்கணக்கான படங்கள் கறுப்புக்குள் மறைந்தன. நின்டெண்டோவே 1984-ல் 'வி.எஸ். சிஸ்டம்' என்ற முறையைக் கொண்டுவந்து தன் பழைய பெட்டிகளுக்கு மாற்று கிட் விற்றது. ஆகவே 1980-ல் ரேடார் ஸ்கோப்பாகப் பிறந்த ஒரு பெட்டி, 1981-ல் டாங்கி காங் ஆகி, 1986-க்குப் பிறகு வி.எஸ். சூப்பர் மரியோ பிரதர்ஸாகவும் வேலை பார்த்திருக்க முடியும். ஒரே மரம், மூன்று பிறவி.

பெயின்ட் மட்டுமல்ல. தினமும் தரை துடைக்கும் தண்ணீர் அடிப்பலகையில் ஏறியது. கன்ட்ரோல் பேனலில் சிகரெட்டை வைத்துவிட்டு ஆடியவர்கள் கருகிய தழும்புகளை விட்டுப் போனார்கள். திருட்டுப் பயத்தில் காசுக் கதவின் குறுக்கே இரும்புப் பட்டை போட்டுத் துளைகள் போட்டார்கள். ஆபரேட்டர் கண்ணோட்டத்தில் இதில் தவறே இல்லை. அது சில வருடங்களில் தேய்மானம் கழித்து முடிக்க வேண்டிய ஒரு சொத்து, அவ்வளவுதான். அருங்காட்சியகப் பொருளாகும் என்று எவரும் நினைக்கவில்லை.

புதுப்பிக்கும் வேலை

இப்படி அடிபட்ட ஒரு பெட்டி சேகரிப்பாளர் கைக்கு வந்தால் முதல் வேலை பெயின்ட் டப்பாவைத் திறப்பது அல்ல, கேமராவைத் திறப்பது. ஒவ்வொரு பக்கத்தையும், ஒவ்வொரு ஸ்க்ரூவையும் படம் எடுத்து, பக்கவாட்டுப் படம் விளிம்பிலிருந்து எத்தனை இஞ்ச் தள்ளி இருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்வார்கள். கழற்றிய பிறகு எதுவும் ஞாபகத்தில் இருக்காது.

அடுத்தது பிக்சர் டியூப். பழைய டிவிகளில் இருந்த அதே கண்ணாடிக் குழாய்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரத்தை அது தேக்கி வைத்திருக்கக்கூடும். முறைப்படி அதை வெளியேற்றத் தெரிந்தவர் துணையில்லாமல் உள்ளே கை வைக்கக் கூடாது. வெளிப்புற வேலைதானே என்று அலட்சியமாக இருப்பது ஆபத்து.

பிறகு மரவேலை. பார்ட்டிகிள் போர்டு தண்ணீரில் ஊறினால் டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி உப்பிவிடும், காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. சேதம் சின்னதாக இருந்தால் பசை விட்டு கிளாம்ப் போட்டு இறுக்குவார்கள். மூலை உடைந்திருந்தால் கார்களுக்குப் பட்டி பார்ப்பதுபோல அதே பட்டியை வைத்து மூலையைக் கட்டி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். அடி முழுவதும் போயிருந்தால் நேர்கோட்டில் அறுத்துவிட்டு அதே கனமுள்ள புதுப் பலகையை ஒட்டுப்போடுவார்கள். பலகையின் விளிம்பைச் சுற்றி ஓடும் பிளாஸ்டிக் பீடிங்கை 'டி மோல்டிங்' என்பார்கள். ஆங்கில 'டி' எழுத்து வடிவில் இருக்கும் அதன் கால் பகுதி, பலகையின் விளிம்பில் வெட்டிய காடியில் இறங்கி உட்காரும். ஒட்டுப்போட்ட இடத்தில் அந்தக் காடியையும் ரவுட்டரால் திரும்ப வெட்ட வேண்டும்.

நிறம் கண்டுபிடிப்பது தனிக் கலை. நாற்பது வருட வெயிலும் சிகரெட் புகையும் பட்ட வெளிப்புறத்தைப் பார்த்து நிறத்தை முடிவு செய்தால் தப்பாகிவிடும். கன்ட்ரோல் பேனலைக் கழற்றினால் அதன் அடியில் வெளிச்சமே படாத ஒரு பட்டை பெயின்ட் இருக்கும். அதுதான் சாட்சி. அதை வைத்துத்தான் பெயின்ட் கலக்குவார்கள்.

படங்கள் இரண்டு வகை. பேக்மேன் மாதிரியான பெட்டிகளில் ஸ்டென்சில் வைத்து நேரடியாக மரத்தின் மேல் பெயின்ட் அடித்திருப்பார்கள். டாங்கி காங் மாதிரியானவற்றில் ஸ்டிக்கர். கறுப்பு பெயின்டுக்குள் புதைந்த ஸ்டென்சில் படத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இருட்டில் டார்ச் லைட்டைப் பலகையோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால், பழைய பெயின்டின் விளிம்பு மேடாக நிழல் காட்டும். பிறகு பெயின்ட் நீக்கும் திரவத்தைத் துணியில் தொட்டு, உள்ளங்கை அகலம் உள்ளங்கை அகலமாக மேல் பெயின்டை மட்டும் துடைத்து எடுப்பார்கள். ஒரு நொடி கூடுதலாகத் தேய்த்தால் அடியில் இருக்கும் படமும் சேர்ந்து வந்துவிடும். வாரக்கணக்கில் ஆகும் வேலை இது. அத்தனைக்கும் பிறகு கறுப்புக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் கண் எட்டிப் பார்க்கும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்கு விலை கிடையாது.

படம் மீளவே மீளாது என்றால் புது ஸ்டிக்கர்தான். நல்ல நிலையில் இருக்கும் வேறு பெட்டியை ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் கோடு கோடாக வரைந்து, மறுபடி அச்சடிக்கிறார்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டினால் சரியான இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். பிறகு நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் தண்ணீரை வழித்துத் தள்ள வேண்டும்.

எது அசல்?

இங்கேதான் அந்தக் கேள்வி வருகிறது. ஒரு தரப்பு சொல்கிறது: பெட்டி தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படி மாற்றுவதே புதுப்பித்தல். இன்னொரு தரப்பு சொல்கிறது: அழுக்கைத் துடை, ஊறுவதைத் தடு, மற்றபடி கை வைக்காதே. தேய்ந்த பெயின்டும் அசல்தான்.

சிவப்பு டாங்கி காங்கை முதல் தரப்பிடம் கொடுத்துப் பாருங்கள். அது தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளில் டாங்கி காங்கே இல்லை, ரேடார் ஸ்கோப்! விதியை அப்படியே பின்பற்றினால் டாங்கி காங் படங்களை உரித்துப் போட்டுவிட்டு, யாரும் வாங்காமல் கிடங்கில் நின்ற ஒரு தோல்வியைத் திரும்பச் செய்து வைக்க வேண்டும். உலகம் நினைப்பதுபோல டாங்கி காங் என்றால் நீலம் என்று நீல பெயின்ட் அடித்தால், ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றிய அந்தக் கிடங்கு நாட்களின் ஒரே வெளிப்படையான சாட்சியை அழித்ததாகிவிடும். இரண்டுமே 'புதுப்பித்தல்' என்ற பெயரில் நடக்கக்கூடியவை.

இரண்டாம் தரப்பிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எதையும் தொடாதே என்றால் ஊறிய அடிப்பலகை மேலும் ஊறி, நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டி ஒருநாள் சாய்ந்துவிடும். ஆபரேட்டர் அடித்த கறுப்பு பெயின்டும் வரலாறுதான் என்று விட்டுவிட்டால் அடியில் இருக்கும் ஓவியத்தை யாரும் பார்க்கவே முடியாது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஃபன்ஸ்பாட் என்ற விளையாட்டுக் கூடத்துக்குள் இயங்கும் ஆர்கேட் அருங்காட்சியகம் மாதிரியான இடங்களில் இன்றும் மக்கள் காசு போட்டு ஆடுகிறார்கள். ஆடும் மெஷின் தேயும். தேயும் மெஷினைச் சரி செய்துதான் ஆக வேண்டும்.

இதற்கு விடை கணக்குப் பதிவியலின் முதல் பாடத்திலேயே இருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் தவறான பதிவு ஒன்று இருந்தால் அதைச் சுரண்டி அழிக்கக் கூடாது. பழைய பதிவு தெரியும்படி விட்டுவிட்டு, திருத்தப் பதிவு ஒன்றைத் தனியாகப் போட வேண்டும். பிறகு வந்து புரட்டுகிறவருக்கு முதலில் என்ன எழுதியிருந்தது, யார் எப்போது மாற்றினார்கள் என்பது தெரிய வேண்டும். ஆர்கேட் பெட்டியும் ஒரு கணக்குப் புத்தகம்தான். சிவப்பு என்பது 1980-ன் தவறான கொள்முதல். அதன்மேல் ஒட்டிய குரங்குப் படம் 1981-ன் திருத்தப் பதிவு. அதற்கும் மேலே கறுப்பு இருந்தால் அது வசூல் குறைந்த வருடத்தின் பதிவு.

நல்ல புதுப்பிப்பாளர்கள் செய்வதும் இதுதான். ஒவ்வொரு அடுக்கையும் எடுப்பதற்கு முன் படம் எடுத்து வைக்கிறார்கள். எடுக்கும் பழைய ஸ்டிக்கரைக் குப்பையில் போடாமல் பெட்டிக்குள்ளேயே உறையில் வைக்கிறார்கள். கன்ட்ரோல் பேனலுக்கு அடியில் இருக்கும் அந்தப் பழைய பெயின்ட் பட்டையைத் தொடாமல் விடுகிறார்கள். புதுப் பலகை எது, புதுப் படம் எது என்று பின்கதவின் உட்புறம் ஒரு தாளில் தேதியோடு எழுதி ஒட்டுகிறார்கள். சிவப்பைச் சிவப்பாகவே விடுகிறார்கள்.

தோற்றுப்போன சரக்கை வெற்றி பெற்ற சரக்காக மாற்ற முடியும் என்று ஒரு கிடங்கில் சில பேர் நம்பியதற்கு மிஞ்சியிருக்கும் ரசீது அந்தச் சிவப்பு நிறம். ரசீதுக்கு மேல் பெயின்ட் அடிக்கலாமா? அடிக்க நினைப்பவர் பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன் ஒருமுறை கன்ட்ரோல் பேனலைக் கழற்றி அடியில் பார்த்துவிடுவது நல்லது.